அட்வான்ஸும் பென்சில் கோடும்

ஐயா,

கன்னங்குறிச்சியில் 6 வருடம் வாடகைக்குக் குடியிருந்தோம். மாடிக்குப் போனால் சேர்வராயன் மலை தெரியும். பிள்ளைகள் தெருவிலேயே ஷட்டில் ஆடுவார்கள். அவ்வளவு அமைதியான இடம்.

வீட்டைக் காலி செய்தபோது பெயின்ட் செலவு என்று 12,000 ரூபாயை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள். சுவரில் இருந்தது என் மகளின் உயரத்தை வருடாவருடம் அளந்து போட்ட பென்சில் கோடுகள் மட்டும்தான். கரண்டும் அப்படித்தான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசு இலவசமாகத் தருகிறது. எங்களிடம் முதல் யூனிட்டிலிருந்தே 9 ரூபாய் வாங்கினார்கள்.

சரி, வேறு வீடு பார்க்கலாம் என்றால் 10 மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். ஒப்பந்தம் எழுதலாமா என்றால், "எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" என்கிறார்கள். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழக வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. இது வீட்டுக்காரர்களுக்கும் தெரியவில்லை, குடியிருப்பவர்களுக்கும் தெரியவில்லை.

அழகாபுரம், அஸ்தம்பட்டி, கன்னங்குறிச்சி பகுதிகளில் மாவட்ட நிர்வாகம் பதிவு முகாம் நடத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் வேலைக்குப் போகிறவர்களும் வர முடியும்.

ஒரு வாசகி, சேலம்