டயாலிசிஸ் படுக்கையருகே உடற்பயிற்சி: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறுநீரகம் செயலிழந்த என் தந்தை வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இல்லாவிட்டால் எங்களால் இச்சிகிச்சையைத் தொடர்ந்திருக்க இயலாது. அந்த நன்றியுடனேயே இதை எழுதுகிறேன்.

போனவுடன் எடை பார்க்கிறார்கள். இரத்த அழுத்தம் குறிக்கிறார்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ள கையைத் தொட்டு அதிர்வு இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். மனம் எப்படி இருக்கிறது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. டயாலிசிஸ் நோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் பசியின்மை, தூக்கமின்மை, அசதி ஆகிய அதன் அறிகுறிகள் சிறுநீரக நோய்க்கும் உரியவை என்பதால், எல்லாம் நோயின் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடுகின்றன. வீட்டிலோ, "உடம்பை அலட்டிக்காதீங்கப்பா" என்று அன்போடு உட்காரவைத்துவிடுகிறோம். தசை கரைகிறது, நடை தளர்கிறது, வெளியே போகும் ஆசையும் அற்றுப்போகிறது.

ஜெர்மனியில் 900-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஓராண்டு நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், டயாலிசிஸ் நேரத்திலேயே பயிற்சி செய்தவர்களின் உடல் வலு கூடியது, செய்யாதவர்களுக்குக் குறைந்தது. இத்தகைய பயிற்சி மனச்சோர்வையும் தணிப்பதாகச் சிறிய ஆய்வுகள் பல காட்டியுள்ளன. படுத்தபடியே காலால் மிதிக்கும் சிறு சைக்கிள் கருவியே இதற்குப் போதும். டயாலிசிஸின் பிற்பகுதியில் இரத்த அழுத்தம் இறங்கக்கூடும் என்பதால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள், ஊசி குத்திய கையை அசைக்காமல் செய்ய வேண்டும். இதய நோய் உள்ளவர்களுக்கும் தொடை வழியே குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கும் மருத்துவரின் அனுமதியின்றி இது கூடாது. ஆகவேதான் பயிற்சி பெற்ற ஒருவர் அருகிலிருப்பது கட்டாயமாகிறது.

அப்படிப்பட்டவர்கள் உங்கள் துறையிலேயே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வயிற்றுவழி டயாலிசிஸுக்கான (வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவம் செலுத்திக் கழிவை நீக்கும் முறை) திரவப் பைகளும் இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி) வீடு தேடிச் செல்கின்றன. அதே சிகிச்சையாளர்களை வாரத்தில் ஒரு நாளேனும் அரசு டயாலிசிஸ் பிரிவுகளுக்கு அனுப்புங்கள். மாதம் ஒருமுறை, மனச்சோர்வைக் கண்டறியும் எளிய வினாத்தாளைத் தமிழில் கேட்டு நிரப்பச் செய்து, தேவைப்படுவோரை மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகரிடம் சேர்ப்பியுங்கள். அந்த ஆலோசகர் படுக்கையருகிலேயே வந்து பேசினால் இன்னும் நல்லது. சிகிச்சை நாளன்று வீடு திரும்புகையில் என் தந்தைக்குப் படியேறவே தெம்பிருப்பதில்லை, இன்னொரு மருத்துவமனைக்கு அவர் எப்படி அலைவார்?

முதற்கட்டமாக மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இதைத் தொடங்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் நோயாளி ஒருவரின் மகள்