அலங்கார வெக்டார்களைப் பகிர்வோருக்கு ஒரு மடல்

கொடி, சுருள், இதழ், மூலை அலங்காரம் என்று வரைந்து இலவசமாகப் பகிரும் வெக்டார் ஓவியர்களுக்கு (கணினியில் புள்ளியும் வளைகோடும் வைத்து வரைபவர்களுக்கு),

வணக்கம். முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். உங்கள் கோப்புகளை வைத்துப் பிழைப்பவர்களில் நானும் ஒருவன். பலகைகளில் ஒட்டும் வினைல் தாளை, கணினிக் கோப்பின்படி பிளேடை ஓட்டும் கட்டர் இயந்திரத்தில் வெட்டுவது என் வேலை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான் என்று உங்களுக்குத் தோன்றலாம். சரி, பார்க்கிறேன்தான்.

போன வாரம் ஒரு பலகைக்கு மூலை அலங்காரம் வேண்டியிருந்தது. இறக்கிவைத்திருந்த கொடி ஒன்று திரையில் அவ்வளவு அழகு. கட்டருக்கு அனுப்பினேன். வழக்கமாகச் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போகும் பிளேடு, ஜல்லி கொட்டிய ரோட்டில் சைக்கிள் போவது மாதிரி திக்கித் திக்கிப் போனது. சுருளின் நுனியில் வினைல் கிழிந்தேவிட்டது. கோப்பைத் திறந்து, நிறத்தை மறைத்துக் கோடுகளை மட்டும் காட்டும் அவுட்லைன் பார்வைக்கு மாற்றினால், விரல் நகம் அளவு இலை ஒன்றைச் சுற்றி எறும்பு மொய்த்த மாதிரி நோடுகள், அதாவது வளைகோட்டைத் தாங்கும் புள்ளிகள். எண்ணினேன்: 64. அந்த இலைக்குத் தேவை இரண்டு. காம்பில் ஒன்று, நுனியில் ஒன்று, இரண்டும் கூர்முனை நோடு. வயிற்றின் வளைவை நோடிலிருந்து நீளும் ஹேண்டில்கள் (வளைவைத் திருப்பும் பிடிகள்) பார்த்துக்கொள்ளும்.

64 எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். படத்தை உள்ளே போட்டு, அதன் ஓரங்களைத் தானாகவே வளைகோடாக்கும் டிரேஸ் கொடுத்தால் இப்படித்தான் வரும். டிரேஸுக்கு இலை தெரியாது. கறுப்பும் வெள்ளையும் சந்திக்கிற ஓரம் மட்டும்தான் தெரியும். ஸ்கேனில் விழுந்த தூசியையும், பிக்சலின் படிக்கட்டையும்கூட அதே பக்தியோடு வளைவாக்கித் தரும். (நோடுகளைக் குறைக்கும் சிம்ப்ளிஃபை கொடுத்தால் போச்சு என்பீர்கள். கொடுத்தேன். நோடு குறைந்தது, கூடவே இலையின் கூரும் மழுங்கிப்போனது.)

நாம் பிடித்து இழுக்கும் இந்த வளைகோடு பிறந்தது கார் தொழிற்சாலையில். 1959-இல் சிட்ரோயனில் இருந்த பால் டி காஸ்டெல்ஜோ இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தார். நிறுவனம் அதை வெளியே விடவில்லை. 1960-களில் ரெனோவின் பியர் பெசியே தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்து வெளியிட்டார், பெசியே வளைகோடு என்று பெயரும் அவருக்கே போய்விட்டது. காரின் உடல் வளைவைச் சில புள்ளிகளை வைத்தே கணினிக்குச் சொல்வதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. முழு வட்டத்தையே நான்கு நோடில் போட்டுவிடலாம். ஹேண்டிலின் நீளம் ஆரத்தில் 0.5523 பங்கு. 10 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் அதனால் வரும் பிழை 0.03 மி.மீ.க்கும் குறைவு. என் பிளேடுக்கு அது தெரியவே தெரியாது.

சுருளுக்கும் இதே கணக்குதான், கால் சுற்றுக்கு ஒரு நோடு. வளைவு மேலே, கீழே, இடப்பக்கம், வலப்பக்கம் எட்டிப்போய்த் திரும்புகிற உச்சிகளில் வையுங்கள். ஹேண்டில்கள் நேர்கிடையாகவோ நேர்நிமிர்வாகவோ இருக்கட்டும். எழுத்துரு வரைபவர்கள் செய்வது இதைத்தான். உள்ளே போகப் போக ஹேண்டிலும் சீராகக் குறுக வேண்டும். ஒன்று மட்டும் நீண்டுவிட்டால் சுருள் அந்த இடத்தில் முழங்கையை மடக்கிக்கொள்ளும்.

பாதியை வரைந்து கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஒட்டுகிறவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. நடுக்கோட்டைத் தொடும் நோடின் ஹேண்டில் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக இல்லையென்றால், இரண்டு பாதியும் சேரும் இடத்தில் மெல்லிய கூம்பு ஒன்று எழும். திரையில் கண்ணுக்குப் படாது. ஒரு முழம் உயரத்துக்குப் பெரிதாக்கி வெட்டினால் அங்கேதான் முதலில் கண் போகும். இன்னொன்று, பாதிகளை ஒட்டிவைத்தால் மட்டும் போதாது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு நோடுகள் பார்க்க ஒன்று போலவே இருக்கும். கட்டருக்கு அவை இரண்டு தனி முனைகள். அங்கே பிளேடைத் தூக்கி மறுபடி குத்தும். அவற்றைத் தேர்ந்தெடுத்து ஜாயின் கொடுங்கள்.

அப்புறம் பூக்கள். 12 இதழ் என்றால் ஒரே இதழை வரைந்து, 30 டிகிரிக்கு ஒன்றாகச் சுழற்றித்தான் பூ செய்திருப்பீர்கள். இங்க்ஸ்கேப் என்ற வெக்டார் மென்பொருளில் அதைக் குளோனாக (மூலத்தோடு இணைந்த நகலாக) செய்தால் மூல இதழைத் தொட்டதும் பன்னிரண்டும் மாறும். பகிரும்போது ஏன் அதை உடைத்துத் தட்டையாக்கிவிடுகிறீர்கள்? இதழைக் கொஞ்சம் ஒல்லியாக்க நான் பன்னிரண்டு தடவை இழுக்க வேண்டியிருக்கிறது. வெட்டுவதற்கு யூனியன் செய்து ஒன்றாக்கிய வடிவமும் வேண்டும்தான், இல்லாவிட்டால் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தையெல்லாம் பிளேடு கீறிவிடும். இரண்டையும் ஒரே எஸ்விஜி (வெக்டார்) கோப்பில் இரண்டு லேயராக (அடுக்காக) வைத்துவிடலாமே.

டிரேஸே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. டிரேஸ் என்றால் டிரேஸ் என்று எழுதிவிடுங்கள். அச்சுக்கு எடுப்பவர் எடுத்துக்கொள்வார், நான் கடந்து போய்விடுவேன். கையால் வரைந்ததென்றால் அவுட்லைன் பார்வையின் படம் ஒன்றைக் கூடவே போடுங்கள். எங்களைப் போன்றவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அந்த மூலைக் கொடியை உட்கார்ந்து திரும்ப வரைந்துவிட்டேன். ஐந்து இலை, மூன்று சுருள், மொத்தம் 41 நோடு. பிளேடு ஒரே மூச்சில் போய்வந்தது. வரைந்தவர் இதைப் படித்தால் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன், கொடி உங்களுடையதுதான்.

இப்படிக்கு,
வினைல் வெட்டுபவன் ஒருவன்