ஜி.எம். (ஹோட்டல் ஜெனரல் மேனேஜர்) சாருக்கு, அந்த ஜன்னல் லைட்டைப் பத்தி

சார்,

வாட்ஸப்ல அனுப்பினா "ஓகேம்மா, டேக் கேர்"னு முடிச்சிடுவீங்க, அதான் இங்க எழுதறேன். நம்ம பழைய ஆளுங்களும் படிப்பாங்க, அதனால ஹோட்டல் பேரும் உங்க பேரும் வேணாம்.

வருஷா வருஷம் மார்ச் 23 வந்தா எனக்கு ஸ்டாஃப் அட்டென்டன்ஸ் போடற அந்த டைம் ஆபீஸ் வாசல்தான் ஞாபகம் வரும். 2020ல அது திங்கக்கிழமை. மறுநாள் ராத்திரி எட்டு மணிக்குத்தான் டிவில 21 நாள் லாக்டவுன்னு சொன்னாங்க, ஆனா கல்யாணம், விருந்துன்னு வர்ற பேங்க்வெட் புக்கிங் ஒண்ணு விடாம கேன்சலாகுதுன்னு பாத்திரம் கழுவற பையனுக்குக் கூட தெரிஞ்சிருந்துச்சு. தினக்கூலிக்கு வர்ற காஷுவல் பசங்க, ஹவுஸ்கீப்பிங் அக்காங்க எல்லாம் யூனிஃபார்ம் மாத்தாம நின்னுட்டிருந்தாங்க. நான் மேல வந்து, "ரெண்டே நிமிஷம் கீழ வாங்க சார்"னு கேட்டேன். நீங்க ஃபைல்லேருந்து நிமிரவே இல்ல. "நீயே சொல்லிடும்மா, லெட்டர்ல எல்லாம் இருக்கு."

லெட்டர்ல என்ன சார் இருந்துச்சு? வேலைக்கு வர வேணாம்னு இங்கிலீஷ்ல மூணு பாரா. சம்பளம் வருமா வராதாங்கறது மட்டும் அதுல எழுதல. அத நான் தமிழ்ல சொல்ல சொல்ல ஒருத்தரும் பேசல, கடைசியில துணிமணி வெக்கற லினன் ரூம் அக்கா மட்டும், "சார் எங்கம்மா?"ன்னாங்க. நான், "சார் ஊர்ல இல்லக்கா"ன்னுட்டேன். அவங்க மெதுவா தலையத் தூக்கிப் பாத்தாங்க. உங்க ரூம் ஜன்னல் அங்கேருந்து தெரியும், லைட் எரிஞ்சிட்டிருந்துச்சு. லெட்டர நாலா மடிச்சு டிபன் பைல வெச்சுட்டுப் போயிட்டாங்க.

அந்தப் பொய் என்னோடது. நீங்க சொல்லச் சொல்லல. மன்னிப்பு கேக்கணும்னா அவங்ககிட்டயும் கேக்கணும், உங்ககிட்டயும் கேக்கணும், ஏன்னா அன்னிக்கு அவ்ளோ பேர் முன்னாடி உங்கள ஓடி ஒளிஞ்ச மனுஷனா ஆக்கினது நான்தான். ஆனா சார், எனக்கு அப்ப 27 வயசு, பக்கத்துல வந்து யாராவது நின்னிருந்தா நான் ஏன் பொய் சொல்லப்போறேன்?

பொங்கலுக்கு ஸ்டாஃப் கேன்டீன்ல நீங்களே கரண்டியப் புடிச்சுப் பரிமாறுவீங்க. யார் பொண்ணு பிளஸ் டூ எழுதுதுன்னு கேட்டுத் தெரிஞ்சு வெச்சிருப்பீங்க. ஜி.எம்.னா அப்படி இருக்கணும்னு நான் உங்களப் பாத்துதான் கத்துக்கிட்டேன். நல்ல நாள்ல கண்ணு முன்னாடியே இருந்துட்டு கெட்ட நாள்ல கதவ சாத்திக்கிட்டா, அந்தப் பொங்கலும் பொய்யாயிடுது சார், அதத்தான் என்னால தாங்க முடியல.

அதே மார்ச்சுல மேரியட் ஹோட்டல் கம்பெனியோட சி.இ.ஓ. ஆர்னி சோரன்சன் ஸ்டாஃபுக்குப் பேசின வீடியோ நம்ம தொழில்ல எல்லார் போனுக்கும் வந்துச்சு, நீங்களும் பாத்திருப்பீங்க. ஆறு நிமிஷம் கூட இருக்காது. கணையப் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்து முடியெல்லாம் கொட்டியிருந்துச்சு, இந்தத் தோற்றத்தோட வீடியோ வேணாமேன்னு கூட இருந்தவங்க யோசிச்சாங்கன்னு அவரே சொல்றார். செப்டம்பர் 11 தாக்குதலையும் 2009 பொருளாதார நெருக்கடியையும் சேத்தாக் கூட இந்த அடி பெருசுன்னு மறைக்காம சொன்னார், மிச்ச வருஷத்துக்கு எனக்கு சம்பளம் வேணாம்னார், பெரிய அதிகாரிங்களுக்குப் பாதிதான்னார். ஊழியர்களப் பத்திப் பேசும்போது குரல் கம்மிடுச்சு. அந்த வீடியோவால யார் வேலையும் தப்பிக்கல, ஆயிரக்கணக்கான பேர வீட்டுக்கு அனுப்பத்தான் செஞ்சாங்க. ஆனா போனவங்களுக்கு யார் சொல்றாங்க, ஏன் சொல்றாங்கன்னு தெரிஞ்சுது. 2021 பிப்ரவரில அவர் இறந்தப்ப நான் நேர்ல பாக்காத மனுஷனுக்காக அழுதேன், அழும்போது ஞாபகத்துக்கு வந்தது நீங்க.

போன வருஷம் ஒரு கல்யாணத்துல நம்ம அக்கவுன்ட்ஸ் அண்ணன் சொன்னார், அந்த ஏப்ரல்லேருந்து மூணு மாசம் நீங்களும் சம்பளமே எடுக்கலையாம். சாப்பிட்டுக்கிட்டிருந்தவ எழுந்து வெளிய போயிட்டேன். ஏன் சார் சொல்லல? சொன்னா பெருமையடிக்கற மாதிரி இருக்கும்னு நெனச்சீங்களா? இல்ல கீழ வந்தா அழுதிடுவோம்னு பயமா? அழுதிருந்தா என்ன சார், அந்த அக்கா தண்ணி கொண்டாந்து குடுத்திருப்பாங்க. நான் அஞ்சு வருஷம் உங்கமேல கோவத்தோட இருந்திருக்கேன், அந்தக் கோவத்துல பாதி தப்புன்னு இப்ப தெரியுது, மீதிப் பாதி இன்னும் இருக்கு.

இப்ப நான் இருக்கறது சின்ன ஹோட்டல். கிச்சன கான்ட்ராக்டுக்கு விடறதா முடிவாயிடுச்சு, 14 பேருக்கு வேலை போகுது, இதுக்கு மேல விவரம் இங்க எழுதக்கூடாது. லெட்டர் ரெடியா டேபிள்ல இருக்கு. நாளைக்குக் காலைல பிரீஃபிங்ல அத நானேதான் சொல்லப்போறேன், தமிழ்ல, நின்னுக்கிட்டு. செட்டில்மென்ட் பணம் என்னிக்கு வரும்னு கேப்பாங்க, எனக்கே இன்னும் தேதி தெரியல, தெரியலன்னே சொல்வேன். ராத்திரி தூக்கம் வரல. அன்னிக்கு நீங்க ஏன் இறங்கி வரலன்னு இன்னிக்குக் கொஞ்சம் புரியுது, அது புரியறதே எனக்குப் புடிக்கல.

ஒரு உதவி சார். லினன் ரூம் அக்காவோட இப்போதைய நம்பர் உங்ககிட்ட இருந்தா குடுங்க. பழைய நம்பர் போகல. இல்ல நீங்களே ஒரு தடவ பேசுங்க, அன்னிக்கு நீங்க மேலதான் இருந்தீங்கன்னு நீங்களே சொல்லிடுங்க.