நம் நீச்சல் சங்கத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை

எல்லோருக்கும் வணக்கம். பொதுக்குழுவுக்கு வந்தது பதினோரு பேர்தான். அங்கே வாசித்ததோடு விட்டால் மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும் என்பதால் முழு அறிக்கையையும் இங்கே போடுகிறேன், கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

காணும் பொங்கலன்று காவேரிப்பட்டினம் பக்கம் நம் உறுப்பினர் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் நடந்தது. கோடைப் பயிற்சி ஏப்ரல், மே இரண்டு மாதமும் நடந்தது. மாங்காய் சீசனில் தோட்டக்காரர்களும் கூழ் ஆலையில் ஷிஃப்டு பார்ப்பவர்களும் வர முடியாது என்பதால் ஜூனில் வாரம் இரண்டு நாளாகக் குறைத்துக்கொண்டோம். கே.ஆர்.பி. அணையிலோ கல்குவாரிக் குட்டைகளிலோ சங்கத்தின் பெயரைச் சொல்லி யாரும் இறங்கக் கூடாது என்ற பழைய தீர்மானத்தை மறுபடி நிறைவேற்றினோம்.

இனி, சங்கப் பணத்தில் நான் எழுதி வைத்த அந்த 800 மீட்டர் பலகை. அது பற்றி முன்னாலும் பின்னாலும் நிறையப் பேசிவிட்டார்கள், அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். மே மாதம் அமெரிக்க நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கி 800 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 8 நிமிடம் 4.12 வினாடியில் புது உலக சாதனை வைத்தார் என்ற செய்தி வந்தது. அதற்கு முந்தைய சாதனையும் அவருடையதுதான், 2016 ரியோ ஒலிம்பிக்கில் 8 நிமிடம் 4.79 வினாடி. ரியோவில் இரண்டாவதாக வந்தவர் 11 வினாடிக்கு மேல் பின்தங்கியிருந்தார். அப்படி நீந்தியவருக்கு அந்த நேரத்தில் இன்னும் 0.67 வினாடியைக் குறைக்க எட்டு வருஷம் ஒன்பது மாதம் ஆகியிருக்கிறது. ஒரு கையை ஒரு தடவை வீசுகிற நேரம்தான் அது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. நம் பிள்ளைகள் மூன்று மாதம் நீந்திவிட்டு, நேரம் குறையவில்லை என்று நின்றுவிடுகிறார்களே, அவர்களுக்கு இதைக் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. மறுநாளே தகரப் பலகைக்குச் சொல்லிவிட்டேன். செயற்குழுவில் நான்கு பேரிடம் வாய்மொழியாகக் கேட்டுத்தான் செய்தேன், எழுத்தில் வாங்காதது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சங்கப் பணத்தை வீணடித்தேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பலகையில் இருப்பது இவ்வளவுதான். 2012 லண்டன், 8:14.63, அப்போது அவருக்கு வயது 15. 2016 ரியோ, 8:04.79. 2021இல் நடந்த டோக்கியோ, 8:12.57. 2024 பாரிஸ், 8:11.04. நான்கும் தங்கம், ஒரே போட்டியில் தொடர்ந்து நான்கு ஒலிம்பிக். கீழே மே 2025, 8:04.12. ஆகஸ்டில் சிங்கப்பூர் உலகப் போட்டியில் 8:05.62இல் தங்கம் வாங்கியதும் அதையும் பெயின்டால் எழுதிச் சேர்த்தேன். 'ரியோவுக்கு அப்புறம் நேரம் கூடித்தானே போயிருக்கிறது, இதைப் போய் எதற்குப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறீர்கள்' என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். அண்ணா, அதற்காகத்தான் அந்தப் பலகையே. பழைய நேரம் வராத வருஷங்களிலும் அவர் தண்ணீரை விட்டுப் போகவில்லை. டோக்கியோவில் 200 மீட்டரில் ஐந்தாவதாக வந்தார், அதே காலையில் சுமார் ஒரு மணி நேரம் கழித்து 1500 மீட்டரில் இறங்கித் தங்கம் வாங்கினார். மாவட்டப் போட்டியில் நான்காவதாக வந்ததற்கே வீட்டுக்குப் போய் இன்றுவரை திரும்பி வராத தம்பிகள் இரண்டு பேர் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் வந்து ஒரு தடவை அந்தப் பலகையைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

'நம் ஆள் ஒருவரைப் போடக் கூடாதா' என்றும் கேட்டார்கள். நியாயம்தான். சிறுவனாக இருக்கும்போதே 1994இல் ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்தி நீண்ட தூர நீச்சல் வீரர் மிஹிர் சென்னின் சாதனையைத் தாண்டிய குற்றாலீசுவரனை விட்டுவிட்டு நாம் நீச்சல் பேச முடியாது. அடுத்த பலகை அவருக்குத்தான். ஆனால் 800 மீட்டரைக் குளத்தில் எப்படி நீந்துவது என்று சொல்லிக்கொடுக்க லெடெக்கியின் கணக்குதான் தோது. 8:04.12 என்றால் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் சராசரியாக ஒரு நிமிடம், அதன் மேல் அரை வினாடி. எட்டு நூறும் அந்தக் கணக்கில் வர வேண்டும். நம் பிள்ளைகள் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிப் பழகியவர்கள், மூச்சும் தைரியமும் நிறைய, ஆனால் முதல் நான்கு லேப்பை அடித்துத் தள்ளிவிட்டு ஆறாவது லேப்பில் சுவரைப் பிடித்துக்கொள்வார்கள். நாம் வாடகைக்கு எடுப்பது 25 மீட்டர் குளம், 800க்கு 32 லேப். ஜூலையிலிருந்து ஒவ்வொருவருக்கும் நான்கு லேப்புக்கு ஒரு தடவை ஸ்டாப்வாட்ச் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஜூலையில் இருபதாவது லேப்பில் நின்றாள், டிசம்பரில் 32ம் முடித்தாள், அதுவும் கடைசி நூறு முதல் நூறைவிட வேகமாக. நோட்டு என்னிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அந்தப் பிள்ளையின் அப்பா முதலில் அனுப்பத் தயங்கினார், பெண் பிள்ளைக்கு இவ்வளவு தூரம் எதற்கு என்றார். ஒலிம்பிக்கிலேயே ஆண்களுக்கு 1500 மீட்டர் 1908 முதல் இருக்க, பெண்களுக்கு டோக்கியோவில்தான் முதன்முதலில் வைத்தார்கள், அந்த முதல் தங்கமும் லெடெக்கிக்குத்தான் என்று அவரிடம் சொன்னேன். மறுவாரம் அவரே வண்டியில் கொண்டுவந்து விட்டார். ஞாயிற்றுக்கிழமை பெண்களுக்கு மட்டுமான ஒரு மணி நேரம் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

சரி, வருகைப் பதிவு. பட்டியலில் ஐம்பதுக்கு மேல் பெயர் இருக்கிறது, காலை ஆறு மணிக்குக் குளத்தில் இருப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். நீந்த முடியாவிட்டாலும் கரையில் நின்று லேப் எண்ண ஆள் வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று பிள்ளைகள் நீந்தும்போது நான் ஒருவனே மூவருக்கும் எண்ணி, நேரமும் எழுதினால் தப்பு வரத்தான் செய்யும். செப்டம்பரில் ஒரு பையனுக்கு இரண்டு லேப் குறைத்து எண்ணிவிட்டேன், அவன் 34 லேப் நீந்திவிட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னும் எனக்கு அது மனதில் உறுத்துகிறது.

சந்தாவும் அப்படித்தான். மாதம் 200 ரூபாய், பாதிப் பேர் ஏப்ரலோடு நிறுத்திவிட்டார்கள். வேலை மாறி ஓசூருக்குப் போனவர்கள், வீட்டில் கஷ்டம் உள்ளவர்கள் ஒரு போன் செய்தால் போதும், தள்ளுபடி செய்ய நானே செயற்குழுவில் பேசுவேன். போனையே எடுக்காமல் இருந்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

கணக்கு: சந்தாவும் நன்கொடையும் சேர்ந்த வரவு, குள வாடகை, பலகை, ஸ்டாப்வாட்ச், தண்ணீர் கேன், கோடை நிறைவுநாள் சிற்றுண்டி எல்லாம் போகச் சிறு தொகை மிச்சம். இரண்டு மாத வாடகையை நான் கைக்காசு போட்டுக் கட்டியிருக்கிறேன், அது இன்னும் நிலுவை. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது.

கிணறு கொடுத்த தோட்டக்கார அண்ணனுக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், பலகை எழுதிய ஓவியருக்கும், அதிகாலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட பெற்றோருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு குள வாடகை கூடுகிறது. இப்போது வருகிற சந்தாவை வைத்து வாரம் மூன்று நாள்தான் எடுக்க முடியும், அப்போது முதலில் போவது ஞாயிறு பெண்கள் நேரமாகத்தான் இருக்கும். அதைத் தொடக் கூடாது என்பது என் எண்ணம். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது வந்தாலும் சந்தோஷமாக நோட்டை ஒப்படைக்கிறேன், நிறுத்தாமல் எழுதினால் போதும். நிலுவைச் சந்தாவை இம்மாதம் 25ஆம் தேதிக்குள் கொடுத்தால் வாடகை முன்பணம் கட்டிவிடலாம். லேப் எண்ண வரக்கூடியவர்கள் எந்தக் கிழமை என்று எனக்குச் சொல்லுங்கள், வரும் திங்கள் காலை ஆறுக்குப் பயிற்சி தொடங்குகிறது.

இப்படிக்கு,
செயலாளர், கிருஷ்ணகிரி