பதினேழாம் வாய்ப்பாடு

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்று மார்ச் 18. 2020இல் இதே நாளில்தான் மலேசியாவில் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. என் தொலைபேசி அழைப்பை நீங்கள் எடுப்பதில்லை. நான் எழுதுவதை மட்டும் விடாமல் படிப்பதாக அண்ணி சொன்னார். சுங்கை சிப்புட்டில் பாதிப் பேர் நமக்கு உறவு, அவர்களும் படிப்பார்கள். ஆகவே அம்மா அன்று சொன்னதையும் அதற்கு நீங்கள் சொன்ன பதிலையும் இங்கே எழுதப் போவதில்லை.

அந்த ஏப்ரல் கடைசியில் ஈப்போவுக்குப் போகும் வழியில், செம்மோருக்கு முன்னால் போலீஸ் தடுப்பு. வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற காலம். மருத்துவமனை அட்டையை மடியில் வைத்தபடி பின்னிருக்கையில் இருந்தேன். என் குடல் அழற்சி நோய் முற்றியிருந்தது. காலையிலிருந்து நான்கு முறை கழிப்பறைக்குப் போனதாக உங்களிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் ஒன்பது முறை. ஒன்பதிலும் இரத்தம். வரிசையில் முன்னால் இருபது கார்கள் நின்றன. "அண்ணே, முடியாது" என்றேன். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. காரை ஓரங்கட்டி, போலீஸ்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு, லோரியில் படுப்பதற்கென்று நீங்கள் வைத்திருக்கும் அந்தப் பச்சைக் கைலியை எடுத்துக்கொண்டு செம்பனை மரங்களுக்குள் நடந்தீர்கள். எனக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளாலும் கைலியை விரித்துப் பிடித்து, உரத்த குரலில் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்ல ஆரம்பித்தீர்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு நடக்கும்போது எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே ராகம். சத்தம் யார் காதிலும் விழக் கூடாது என்றுதான் கத்தினீர்கள். எட்டாவது வரியில் நூற்று இருபத்தாறு என்றீர்கள். நூற்று முப்பத்தாறு, அண்ணே. திருத்த எனக்குத் தெம்பில்லை.

அதை அன்று இரவே குடும்பக் குழுவில் ஏன் சொன்னீர்கள்? "பாவம், நடுரோட்டில்" என்று தொடங்கினீர்கள். சின்னம்மா மகன் வரைக்கும் தெரிந்துபோனது. கைலியால் மூடிய கையாலேயே திறந்துவிட்டீர்கள். அதை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

பதிலுக்கு நானும் ஒன்று செய்தேன். "அண்ணன்தான் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்" என்று எல்லாரிடமும் சொன்னேன். நான் சாப்பிட்ட அசத்தியோப்ரின் மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், கொரோனா சீக்கிரம் தொற்றும் என்ற குரல் பதிவை நீங்கள் அனுப்பியது உண்மை. ஆனால் அதற்கு நான்கு நாள் முன்பே நிறுத்திவிட்டேன். மெசலசின் என்ற குடல் அழற்சி மாத்திரையையும் சேர்த்து. பயம் ஒரு காரணம். இன்னொன்று, ஆறு பேருக்கு ஒரே கழிப்பறை உள்ள வீட்டில் நான் மட்டும் நோயாளியாக இருந்து அலுத்துப்போயிருந்தேன். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று எனக்குத் தெரியும். கடைசியில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு 40 மில்லிகிராம், காலையில் எட்டு மாத்திரை. கொரோனாவுக்குப் பயந்து நிறுத்தியவளுக்கு, கொரோனா வந்தால் இன்னும் ஆபத்தாக்கும் மருந்து. பழி உங்கள் தலையில் கிடந்தது. நீங்கள் ஒரு முறைகூட மறுக்கவில்லை. மன்னியுங்கள். மறுத்திருக்கலாம், அண்ணே. அந்த மௌனமும் எனக்கு ஒரு தண்டனைதான்.

"நம் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத நோய், கண்டதைத் தின்றாள்" என்று பேசியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் செய்த ஆய்வில், மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற மூவரில் இந்தக் குடல் அழற்சி நோய் இந்தியர்களிடமே அதிகம் என்று கண்டார்கள். சம்பாலைக் குற்றம் சொல்லாதீர்கள்.

அடுத்த மாதம் 8ஆம் தேதி பெருங்குடலை எடுக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். வயிற்றில் மலம் சேரும் பை இருக்கும். இந்த முறை ஊருக்கு நானே சொல்லிவிட்டேன். நீங்கள் சொல்ல மிச்சம் எதுவும் இல்லை.

அன்று காலை 7 மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும். ஐந்தரைக்கு வாசலில் நிற்பேன். வர முடியாவிட்டால் முந்தின நாளே அண்ணியிடம் சொல்லி அனுப்புங்கள். வாடகைக் கார் பேச வேண்டும்.

உங்கள் தங்கை