தொப்பி ஏன் கேட்கவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

இருபது வருடமாக மிருதங்கம் வாசிக்கிறேன். போனில் கச்சேரி கேட்கப் போன மாதம் 1,800 ரூபாய்க்குக் காதுக்குள் செருகும் இயர்போன் வாங்கினேன். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை கணீரென்று கேட்டது. இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற தாழ்ந்த, உருளும் நாதம் மட்டும் காணவே இல்லை. கடையில் கேட்டால், "எல்லாம் அப்படித்தான் சார்" என்றார்கள்.

வீட்டில் பெட்டியைத் துழாவினேன். அடியில் சின்னதும் பெரியதுமாக இயர்போன் நுனியில் மாட்டும் இரண்டு ஜோடி சிலிக்கோன் முனைகள். பெரியதை மாட்டி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகினேன். கும்கி அப்படியே உருண்டு வந்தது! இடைவெளி இருந்தால் தாழ்ந்த ஒலி கசிந்துவிடும் என்று அப்புறம்தான் புரிந்தது. எனக்கு வலது காதுக்குப் பெரியது, இடதுக்கு ஏற்கெனவே மாட்டியிருந்த நடுத்தரம்.

காது நன்றாக மூடினால் பஸ் இரைச்சலிலும் சத்தத்தைக் கூட்ட வேண்டியதில்லை. பாதுகாப்பாகக் கேட்கப் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் ஒலி அளவு வரை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளுக்கு 75தான்.

கம்பெனிகள் முனையின் அளவை மில்லிமீட்டரில் பெட்டி மேலேயே அச்சடிக்க வேண்டும். கடைக்காரர்களே, மாட்டிப் பார்க்க விடுங்கள். துடைக்கப் பஞ்சும் ஸ்பிரிட்டும் போதுமே.

இப்படிக்கு,
மிருதங்க ஆசிரியர் ஒருவர்,
மயிலாடுதுறை