புகாரைப் பிரித்துப் படிப்பவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குருமார் மீது புகார் எழும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் வரும்: மூடிமறைப்பு பழமைவாதச் சபைகளின் நோய், முற்போக்கான சபைகளில் அது கிடையாது என்று. அமெரிக்காவில் ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எபிஸ்கோப்பல் திருச்சபையைத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பெண்களுக்குக் குருப்பட்டம் தர 1976-லேயே முடிவெடுத்த சபை அது. தன்பாலின உறவில் வாழ்வதை மறைக்காத ஜீன் ராபின்சனை 2003-ல் பேராயராக (பிஷப்பாக) ஏற்ற சபை. அங்கும் குருமார் தவறியிருக்கிறார்கள், பேராயர்களும் தவறியிருக்கிறார்கள், தெரிந்தவர்கள் வாய்மூடி இருந்ததும் உண்டு. கொள்கை முற்போக்காக இருப்பதால் மட்டும் புகார் கொடுத்தவருக்கு நியாயம் கிடைத்துவிடாது. புகார்க் கடிதம் யார் கைக்குப் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அவர்களுடைய ஒழுங்கு நடவடிக்கைச் சட்டத்துக்கு ‘நான்காம் தலைப்பு’ என்று பெயர். முன்பு அது ராணுவ நீதிமன்ற நடைமுறையை ஒட்டியிருந்தது. 2009-ல் கூடிய பொதுப் பேரவை (சபையின் சட்டங்களை இயற்றும் மன்றம்) அதை மருத்துவர், வழக்கறிஞர் போன்றோருக்கான தொழில் ஒழுங்கு விதிகளின் பாணிக்கு மாற்றியது. புதிய சட்டம் 2011 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது.

இதன்படி ஒவ்வொரு பேராயமும் (ஒரு பேராயரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதி) புகார் வாங்குவதற்கென்றே ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும். புகாரை யாரும் கொடுக்கலாம், எந்த வடிவிலும் கொடுக்கலாம். தொலைபேசியில் சொன்னால்கூடப் போதும். குற்றம் நடந்திருக்கலாம் என்று நம்பக் காரணமிருக்கும் தகவல் பேராயர் காதுக்கே நேரடியாக வந்தாலும் அதை அவர் அந்த அலுவலரிடம் அனுப்பியாக வேண்டும். நல்ல விதிதான், ஆனால் முதல் ஒழுகல் இங்கேயே தொடங்குகிறது. மனம் நொந்தவர் முதலில் தேடிப் போவது பேராயரை. அவரோ குருமாருக்கு மேய்ப்பர், அவர்கள் மீதான நடவடிக்கைக்கும் பொறுப்பானவர். “நான் கூப்பிட்டுப் பேசுகிறேன், ஜெபத்தில் வைப்போம்” என்று அவர் சொல்லிவிட்டால் காகிதத்தில் எதுவும் ஏறாது. இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு பெண் வந்து நிற்கும்போது, முதல் புகார் வந்ததற்கே தடயம் இருக்காது. எனவே பேராயரிடம் வாய்மொழியாகச் சொன்னவர்கள் அன்றைக்கே அதைத் தேதி, இடம், சொன்ன வார்த்தை, உடனிருந்தவர் பெயர் என எழுதிப் புகார் அலுவலருக்கு அனுப்பிவிட வேண்டும். கைப்பேசிக் குறுஞ்செய்திகளை அழிக்கக் கூடாது. குணத்தைப் பற்றிய வர்ணனை ஒரு பக்கம் எழுதுவதைவிட, ‘இன்ன நாள் மாலை, ஆலய அலுவலகத்தில், கதவைச் சாத்திவிட்டு’ என்ற ஒரு வரி வலுவானது.

அலுவலர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: சொன்னதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டால் அது சட்டப்படி குற்றமாகுமா? ஆகாது என்றால், பேராயர் ஆட்சேபிக்காத பட்சத்தில் தள்ளுபடி செய்யலாம். ஆனால் காரணத்தைப் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். 30 நாளுக்குள், குருமார் மீதான வழக்குகளைக் கேட்கும் ஒழுங்கு மன்றத்தின் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கெடுவைக் கோட்டைவிட்டால் கதவு அடைபடும். புகார்தாரருக்குத் துணை நிற்க ஓர் ஆலோசகரையும் பேராயமே தர வேண்டும். இதைக் கேட்டுப் பெறத் தெரியாமல் தனியாக மல்லுக்கட்டுபவர்களே அதிகம்.

தள்ளுபடி ஆகாத புகார் மூவர் குழுவுக்குப் போகும். பேராயர், புகார் அலுவலர், ஒழுங்கு மன்றத் தலைவர் ஆகியோரே அந்த மூவர். இந்தச் சட்டத்தின் முதுகெலும்பும் இதுதான், முறிவும் இதில்தான். மேய்ப்புப் பணியோடு நிறுத்திக்கொள்வதா, சமரசத்துக்கு விடுவதா, விசாரணையாளரை அனுப்புவதா, அடுத்த அடுக்குக்கு ஏற்றுவதா என்று அங்கே முடிவாகும். புகார் அலுவலர் பேராயரால் நியமிக்கப்பட்டவர், அந்தப் பேராயர் அதே மேசையில் உட்கார்ந்திருக்கிறார். வெளிப்படையாக ஒரு சொல் சொல்லித்தான் அழுத்தம் தர வேண்டும் என்றில்லை. அவர் முகக்குறிப்பே போதும். சமரசம் என்ற வழியைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் சந்தேகம் வரும். சம பலமுள்ள இருவருக்கு இடையே பிணக்கு என்றால் அது உதவும். குருவானவருக்கும், அவரிடம் ஆலோசனை தேடி வந்த விதவைக்கும் இடையில் என்ன சமரசம்?

அடுத்த அடுக்கான கலந்தாய்வு மூடிய கதவுக்குள் நடக்கும், பதிவு கிடையாது. அதற்கும் மேலே விசாரணைக் குழு. அது பொதுவாக வெளிப்படையாக நடக்கும், சாட்சிகள் வருவார்கள், தெளிவான, நம்பத்தக்க சான்று வேண்டும். தண்டனை கண்டனம், பணி இடைநீக்கம், பட்டம் பறிப்பு என மூன்று வகை. இந்தக் குழுக்களுக்கு ஆள் எடுக்கும் ஒழுங்கு மன்றத்தில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். குருமாரே பெரும்பான்மை, ஆனால் குருப்பட்டம் இல்லாத விசுவாசிகளைவிட ஒரே ஒருவர் மட்டுமே கூடுதலாக இருக்கலாம். விசுவாசிகளை ஒப்புக்குச் சப்பாணியாக உட்கார வைக்காத விதி இது.

மேல் அடுக்குவரை போனால் சட்டம் வேலை செய்யும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் பேராயர் ஜான் புரூனோ வழக்கே சான்று. நியூபோர்ட் பீச் நகரின் செயின்ட் ஜேம்ஸ் ஆலயத்தை 1.5 கோடி டாலருக்கு விற்க அவர் 2015-ல் ஒப்பந்தம் போட்டார். ஜூன் கடைசியில் ஆலயப் பூட்டு மாற்றப்பட்டது; சபையார் பூங்காவில் ஆராதனை நடத்தினார்கள். புகார் கொடுத்தார்கள். 2017 மார்ச்சில் பாசடீனாவில் மூன்று நாள் பகிரங்க விசாரணை நடந்தது. தீர்ப்பு வருவதற்குள் அவர் அதே சொத்தை மறுபடியும் விற்க முயன்றார். தலைமைப் பேராயர் மைக்கேல் கரி தலையிட்டு, அந்தச் சொத்தின் மீது அவருக்கிருந்த அதிகாரத்தைப் பறித்தார். ஐவர் குழு நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் மூன்றாண்டு இடைநீக்கம் விதித்தது. சபையாரிடம் ஆவணம் இருந்தது, விடாப்பிடியும் இருந்தது. ஆனால் அது சொத்து வழக்கு. பத்திரமும் மின்னஞ்சலும் சாட்சி சொல்லும். பாலியல் அத்துமீறலில் அப்படிச் சான்று கிடைப்பது அரிது, அதனால்தான் அவை கீழ் அடுக்கிலேயே கரைந்துபோகின்றன.

இன்னொரு வழி, பேராயரும் குற்றம் சாட்டப்பட்டவரும் செய்துகொள்ளும் உடன்பாடு. புகார்தாரரிடம் கருத்துக் கேட்பார்கள், ஆனால் அவருக்குத் தடுக்கும் உரிமை இல்லை. மேரிலாந்தின் துணைப் பேராயர் ஹெதர் குக் 2014 டிசம்பரில் குடிபோதையில் கார் ஓட்டி, மிதிவண்டியில் சென்ற ஒருவரை மோதிக் கொன்றார். 2015 மே மாதம் அவருடைய பட்டம் பறிக்கப்பட்டது இப்படியொரு உடன்பாட்டின் வழியேதான். விரைவாக முடிந்தது, சரியாகவும் முடிந்தது. உறுத்துவது அதற்கு முந்தைய கதை. 2010-லேயே அவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர். பேராயத்தில் பொறுப்பிலிருந்த சிலருக்கு அது தெரியும், 2014-ல் அவருக்கு வாக்களித்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. தண்டிக்கும் சட்டம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், தேர்ந்தெடுக்கும் இடத்தில் உண்மையை மடித்து வைத்தால் பயனில்லை.

காலக்கெடுவும் உண்டு. பொதுவாகப் பத்தாண்டு, 21 வயதுக்கு உட்பட்டவர் பாதிக்கப்பட்டிருந்தால் கெடு இல்லை. வயதுவந்தோர் மீதான பாலியல் அத்துமீறல்களுக்கும் 2019 ஜனவரி முதல் 2021 டிசம்பர் வரை மூன்றாண்டுக்குக் கெடுவைத் தளர்த்தினார்கள். அதை நிரந்தரமாக்கியிருக்கலாம்.

நம் சபைகளுக்கு வருவோம். இங்கே அடித்தளச் சட்டமே கையில் இருக்கிறது. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும்; மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவர் தன் கீழுள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. ‘சபைக்குள் விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்’ என்பதற்கு அதில் இடமில்லை. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு வேண்டும்: தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். பேராய அலுவலகமும் மிஷன் பள்ளியும் மருத்துவமனையும் இதற்குள் அடங்கும். அந்தக் குழு பெயருக்கு இருக்கிறதா, கூடுகிறதா என்று பேராய மன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தில் கேட்கட்டும்.

அமெரிக்கச் சட்டத்தைப் பார்த்து எழுத நினைப்பவர்கள், புகார் அலுவலர் என்ற பதவியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மூவர் குழுவில் பேராயரின் நாற்காலியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு பேராயத்தைச் சேர்ந்த ஒரு விசுவாசியைப் போடுங்கள். உடன்பாடு எட்டினால், பாதிக்கப்பட்டவர் பெயரை நீக்கிவிட்டு அதன் வாசகத்தை ஞாயிறு ஆராதனையில் வாசியுங்கள். குருவானவர் வேறு சேகரத்துக்கு (வேறு ஊர்ச் சபைக்கு) மாற்றலானால் அவருடைய கோப்பும் கூடவே போக வேண்டும். புகார் அலுவலரின் பெயரும் கைப்பேசி எண்ணும் ஆலய முகப்பில், திருமண அறிவிப்பு ஒட்டும் அதே பலகையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
பாளையங்கோட்டை.